ஏழு லீற்றர் எஞ்சினும் பன்னிரண்டு றோல்ஸும்

றோல்ஸ் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கராஜில் வைக்க இடமே இல்லை. மேசை முழுவதும் இரும்பு. ஒரு பக்கம் எட்டுப் பிஸ்டன்கள், கழுவிக் கவிழ்த்து வைத்த தேநீர்க் குவளைகள் மாதிரி. மறுபக்கம் எண்ணெய் பூசி மினுங்கும் ஒரு நீண்ட தண்டு. மூலையில் வானொலிக்குள் இரண்டு பேர் பிரெஞ்சில் ஹொக்கியைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மண்ணெண்ணெயும் சோப்பும் கலந்த ஒரு வாசனை.

முசியே ரேஜான் கைகளைத் துடைத்தபடி வந்தார். பழைய கார்களுக்கு எஞ்சின் கட்டுவதுதான் அவர் தொழில். அறுபது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிறுத்தி வைத்திருந்த ஒரு எஞ்சினின் மேல் சுத்தமான துணியொன்றை விரித்து, "இங்கே வையுங்கள், மடாம்" என்றார்.

அப்படித்தான் நான் சுட்டுக்கொண்டு போன பன்னிரண்டு மட்டன் றோல்ஸும் என் மகளின் எஞ்சினுக்கு மேலேயே போய் உட்கார்ந்தன. எந்த எஞ்சினைப் பற்றி ஒரு பொய் சொல்லும்படி கேட்க வந்தேனோ, அதே எஞ்சினுக்கு மேலே.

வரிசையை மீறுகிறேன்

இந்தத் தொடரை வாசித்து வருபவர்களுக்குத் தெரியும், போன கிழமை எங்கள் முதலாவது மொன்றியல் பனிக்காலத்தில் நிறுத்தியிருந்தேன். கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியில் ஒரே குளிர் ஜாக்கெட்டை நானும் கணவரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன கதை. அடுத்ததாகப் பிள்ளை பிறந்ததை எழுதியிருக்க வேண்டும்.

எழுத உட்கார்ந்தால் அது வரவில்லை. இந்தக் கோடையில் நடந்த ஒன்று குறுக்கே நிற்கிறது. பயந்த கதைதான். ஆனாலும் இது நன்றி சொல்லும் அத்தியாயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் சுகம்.

மகளின் பெயர் டிலானி. வயது இருபத்திமூன்று. இஞ்சினியரிங் படிக்கத் தொடங்கி, இடையில் விட்டுவிட்டு, மெக்கானிக் படிப்புக்குப் போனாள். இப்போது பஸ், லொறி திருத்தும் ஓரிடத்தில் வேலை. அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மாதா கோயிலில் யாராவது அன்ரி விசாரித்தால் தடுமாறியது நான்தான்.

"பிள்ளை இப்ப என்ன செய்யிறா?"

"எஞ்சின் பக்கம் இருக்கிறா."

"ஓ, இஞ்சினியரோ?"

"ஓம்... அப்பிடித்தான்."

ஒரு தடவை டிலானி பின்னாலே நின்று இதைக் கேட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு நகக்கண்களில் கிரீஸோடு பூசைக்கு வந்து, எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அதே அன்ரிக்கு நன்றாக அழுத்திக் கைகொடுத்தாள்.

கப்பல் வந்த நாள்

போன இலையுதிர் காலத்தில் இழுவை லொறி ஒன்று அந்தக் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கியது. ஐம்பது வருடங்களுக்கு மேற்பட்ட அமெரிக்கக் கார். இரண்டே கதவு. மூக்கு மட்டும் எங்கள் குளியலறை அளவு. நகரத்துக்கு வெளியே யாரோ ஒரு கமக்காரரின் களஞ்சியத்தில் வைக்கோலுக்கு நடுவே கிடந்ததாம். கதவைத் திறந்தால் எலி வாசனை.

கணவர் வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சரும், உம்மட மகள் கப்பல் வாங்கியிருக்கிறாள். இனிக் கடலும் வாங்க வேணும்."

"அப்பா, இதுதான் உண்மையான கார். உங்கட கார் வாஷிங் மெஷின்."

உள்ளே இருந்த எஞ்சின் செத்துப்போயிருந்தது. யாரோ பனிக்காலத்தில் அதற்குள் தண்ணீரை விட்டுவைத்திருக்கிறார்கள். தண்ணீர் உறைந்து, இரும்பே வெடித்திருந்தது. ஆகவே புது எஞ்சின் வேண்டும். எந்த எஞ்சின் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி பாதிப் பனிக்காலம் வரை எங்கள் சாப்பாட்டு மேசையில் எங்களோடு சேர்ந்து சாப்பிட்டது.

எட்டுச் சிரிஞ்ச்

எனக்கு எஞ்சின் தெரியாது. சிரிஞ்ச் தெரியும். இருபது வருடங்களாக ஒரு ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியில் ஆய்வுகூட வேலை செய்கிறேன். டிலானி அதை வைத்துத்தான் எனக்குப் பாடம் நடத்தினாள்.

"பிஸ்டன் எண்டா சிரிஞ்சுக்குள்ள போய் வாற தண்டு மாதிரி அம்மா. இதில எட்டுச் சிரிஞ்ச். எட்டும் ஒருக்கா முழுசா இழுத்தா எவ்வளவு உள்ள வரும்? அதுதான் எஞ்சின்ர அளவு."

"சிரிஞ்ச் அகலமா இருந்தா?"

"கூட வரும்."

"தண்டை இன்னும் கீழ வரைக்கும் இழுத்தா?"

"இன்னும் கூட வரும். பாத்தீங்களோ, அப்பாவை விட உங்களுக்குக் கெதியா விளங்குது."

அந்த எட்டுச் சிரிஞ்சையும் தாங்குகிற இரும்புக் கூட்டுக்கு பிளாக் என்று பெயர். அதில் பெரிய பிளாக், சின்ன பிளாக் என்று இரண்டு குடும்பம். காரோடு பிறந்தது சின்ன பிளாக், ஐந்து புள்ளி ஏழு லீற்றர். டிலானிக்கு வேண்டியது பெரிய பிளாக். ஏழு புள்ளி நாலு லீற்றர்.

அந்த எண்ணைக் கேட்டதும் நான் கறிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு வளர்ந்த மனிதரின் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம். அதைத் தாண்டிய எந்த லீற்றரும் எனக்குப் பயம். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து எங்களுக்கு முகங்கள் வருவதில்லை, குழாய்கள்தான் வரும். குழாயில் ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி. பிறந்த தேதி என் மகளுக்குக் கிட்ட இருந்து, கூடவே ஆறு பை இரத்தம் கேட்டு ஃபோன் அடித்தால், பெரும்பாலும் வீதி விபத்து. நான் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, டிலானிக்கு ஒரு மெசேஜ் அனுப்புவேன். "சாப்பிட்டியோ?" அவளுக்கு அது ஏன் என்று தெரியும். "உயிரோட இருக்கிறன் அம்மா" என்று பதில் வரும்.

பொனற்றில் ஒரு ஆள்

சண்டையைத் தீர்க்க முசியே ரேஜானிடம் போனோம். வடக்கே, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம், ரயில் பாதைக்கு அருகே அவருடைய கராஜ். டிலானியின் வேலையிடத்தில் யாரோ சொல்லி விட்டார்கள். அவர் சொன்னது எல்லாம் பிரெஞ்சில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் டிலானியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நேர்கோட்டில் மட்டும் ஓடப்போகிறாயா, அல்லது திரும்பவும் வேண்டுமா?"

"திரும்பவும் வேணும்."

"அப்படியென்றால் பெரிய பிளாக்கை மறந்துவிடு. அது முன்சில்லுகளுக்கு மேல் ஒரு ஆளின் பாரத்தைக் கூட்டும்." என் கணவரைச் சுட்டிக் காட்டினார். "உன் அப்பா எப்போதும் எஞ்சின் மூடியில், பொனற்றில், உட்கார்ந்திருக்கிற மாதிரி. நீ ஸ்டீயரிங்கைத் திருப்புவாய், அப்பா நேரே போகச் சொல்லுவார்."

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கிறார்," என்றார் கணவர் தமிழில்.

அதற்குப் பிறகுதான் ரேஜான் மூன்றாவது வழியைச் சொன்னார். சின்ன பிளாக்தான், ஆனால் புதிதாக வார்த்தது. வெளி அளவு அதேதான். உள்ளே சிலிண்டர்கள் அகலம், பிஸ்டன் போய் வரும் தூரம் நீளம். தலைப்பகுதி அலுமினியம், பாரமில்லை. கொள்ளளவு ஏழு லீற்றர். பெரியதின் பலம், சின்னதின் எடை.

டிலானியின் முகம் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி எரிந்தது. எனக்கு ஏழு என்பது மட்டும்தான் கேட்டது.

புறப்படும்போது அவர் சுவரோரமாக நின்ற மூன்று எஞ்சின்களைக் காட்டி, எது பெரிய கொள்ளளவு என்று சொல்லும்படி என்னிடம் விளையாட்டாகக் கேட்டார். மூன்றும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே செம்மஞ்சள் பூச்சு. நான் நடுவில் நின்றதைக் காட்டினேன். பிழை.

"யாராலும் சொல்ல முடியாது, மடாம். சின்ன பிளாக் குடும்பம் அப்படி. வெளியே எல்லாம் ஒரே முகம்."

அந்த வசனம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மண்ணெண்ணெய்க் காலம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் புத்தி ஏன் அப்படிப் போனது என்று அப்போதுதான் விளங்கும்.

யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்களில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு ஏ ஃபோர்ட்டி கார் இருந்தது. அதன் சொந்தக்காரர் அந்தச் சொட்டை ஒரு ஊசி மருந்துக் குழாயில்தான் வைத்திருந்தார். இருமி இருமி, புகை கக்கி, அது ஓடும். கல்யாணத்துக்கும் போனது, ஆஸ்பத்திரிக்கும் போனது. வெளியிலிருந்து பார்த்தால் கார். உள்ளே ஓடுவது வேறு ஒன்று. அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. கெட்டித்தனம் என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் வளர்ந்தவளுக்கு இந்த யோசனை வந்ததில் அதிசயம் இல்லை. ஏழு லீற்றர் என்று சொல்லி ஐந்து புள்ளி ஏழைக் கட்டிக் கொடுத்தால் என்ன? வெளியே எல்லாம் ஒரே முகம்தானே. பிள்ளைக்குச் சந்தோசம். எனக்கு நித்திரை.

இன்னொருவரிடம் காரியமாகப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பதும் எங்கள் ஊர்ப் பழக்கம். அரசாங்கக் கச்சேரிக்குப் போனாலும், பள்ளிக்கூட அதிபரிடம் போனாலும், கையில் ஏதாவது இருக்க வேண்டும். நான் றோல்ஸ் உருட்டினேன், கணவர் எண்ணெயில் போட்டார்.

"ஆருக்கு?"

"டிலானின்ர கராஜ்காரருக்கு."

"ஏன்?"

"சும்மா."

"நீர் சும்மா றோல்ஸ் சுடுற ஆளில்லையே."

அட்டை

மாசி மாதம். வெளியே முழங்கால் அளவு பனி. வேலை முடிந்து நேரே போயிருந்தேன். ஆஸ்பத்திரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியதைக்கூட மறந்துவிட்டேன்.

பஸ்ஸில் பாடமாக்கிய பிரெஞ்சு வசனங்களை ஒப்புவித்தேன். மகளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். பெயர் மட்டும் ஏழாக இருக்கட்டும். உள்ளே பழைய அளவு. அவள் சின்னப் பிள்ளை, முசியே. நான் தாய்.

ரேஜான் ஒரு றோலை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். விழுங்கிவிட்டு, "ஆஸ்பத்திரியில் என்ன வேலை?" என்று கேட்டார்.

சொன்னேன். வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் பிரெஞ்சு நிமிர்ந்துவிடும். குழாயில் உள்ள பெயரை இரண்டு தடவை வாசிப்போம், பையில் உள்ள எண்ணை இரண்டு பேர் பார்ப்போம், ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அந்தக் குழாயை எறிந்துவிட்டுப் புதிதாகக் கேட்போம் என்றெல்லாம் சொன்னேன்.

"ஏன் எறிகிறீர்கள்?"

"லேபிளை நம்பித்தானே டொக்டர் இரத்தம் ஏற்றுகிறார்."

அவர் துணியின் ஓரத்தை விலக்கினார். எஞ்சினில் மெல்லிய கம்பியால் ஒரு மஞ்சள் அட்டை கட்டியிருந்தது. டிலானியின் பெயர். கீழே பென்சிலால் அளவுகள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, எட்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு சரி அடையாளம்.

"நானும் இரண்டு தடவைதான் அளக்கிறேன், மடாம்," என்றார்.

வானொலியில் யாரோ கோல் போட்டார்கள். எனக்குக் காது சுட்டது. பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் ஒரு றோல் குறைந்த பெட்டியை எப்படித் திருப்பி எடுப்பது?

அவர் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்ததும், "உங்களுக்கு என்ன பயம்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

"நிற்காமல் போய்விடுவாளோ என்று."

"அப்போது அது எஞ்சினின் வேலை இல்லை. அது பிரேக்கின் வேலை." காரின் பழைய பிரேக்குகளைப் பற்றிச் சொன்னார். நான்கு சில்லிலும் டிரம் பிரேக். அந்தக் காலத்துப் பலத்துக்கே அரைகுறை. டிலானி அதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறாளாம். "அதை நீங்கள் போட்டுக் கொடுங்கள். நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். பெரியது. இருக்கிறதிலேயே நல்லது."

அன்றைக்கு அந்த மனிதர் என்னை வெட்கப்படுத்தி அனுப்பியிருக்கலாம். என் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவர்தான் முதல் ஆள்.

டிலானியின் பிறந்த நாளுக்குப் பிரேக் வாங்கிக் கொடுத்தேன். "எந்த அம்மா பிறந்த நாளுக்கு பிரேக் தருவா?" என்று கட்டிப் பிடித்தாள். கராஜுக்குப் போனதை நான் சொல்லவில்லை.

மெத்தை

கோடை தொடங்கியது. கார் கறுப்பாக, குளித்துத் தலை சீவிய மாதிரி வந்து நின்றது. ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் வீட்டுப் பிளேற் ராக்கையில் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைத்தன.

வாகனம் வாங்கினால் ஃபாதரிடம் கொண்டுபோய் ஆசீர்வதிக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது இன்சூரன்சுக்கு முந்தியது. பூசை முடிந்ததும் கோயில் கார் நிறுத்துமிடத்தில் தீர்த்தம் தெளிப்பார். அதுவரை ஹைவேயில் ஏற்றாதே என்று சொன்னேன்.

"கோயிலுக்கு ஹைவேயாலதான் அம்மா போகவேணும். கீழால போனா பூசை முடிஞ்சிடும்."

நானும் அவளும்தான் காரில். மேம்பாலமாகப் போகும் அந்தப் பழைய நெடுஞ்சாலை மொன்றியலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்று பாதை, ஒதுங்க இடமில்லை, இரண்டு பக்கமும் கொங்கிறீற். அன்று வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து நகரமே வீடு மாறும் நாள். முன்னாலும் பின்னாலும் சோபாவும் ஃபிரிட்ஜும் ஏற்றிய வாடகை வான்கள். எங்களுக்கு முன்னால் ஒரு வானின் கூரையில் ஒரு மெத்தை. கட்டியிருந்த கயிறு உடுப்புக் காயப்போடும் கயிறு.

"அந்தக் கயிறைப் பார் பிள்ளை," என்றேன்.

"பாத்துக்கொண்டுதான் வாறன்." அவள் ஏற்கெனவே தூரம் விட்டிருந்தாள்.

மெத்தை முதலில் ஒரு பக்கம் எழும்பியது. தலையைத் தூக்கிப் பார்ப்பது போல. பிறகு முழுவதும் காற்றில் ஏறி, மெதுவாக, மிக மெதுவாகப் புரண்டு, எங்கள் பாதையில் குறுக்கே விழுந்தது. வான்காரன் பயத்தில் நடுவீதியிலேயே பிரேக் போட்டான்.

டிலானி பிரேக்கை மிதித்தாள். பெல்ட் என் நெஞ்சை இறுக்கியது. கார் ஒரு பக்கமும் இழுக்காமல், கோடு கீறியது போல நேராக வேகம் இறங்கியது. எங்களுக்கு நேரம் இருந்தது. பின்னால் வந்த லொறிக்கு இருக்கவில்லை. ஹோர்ன் அடித்தபடியே வந்தது. கண்ணாடியில் அதன் முன்முகம் மட்டும்தான் தெரிந்தது.

இடது பாதையில் ஒரு சின்ன இடைவெளி. அடுத்த கார் வேகமாக வந்துகொண்டிருந்தது. டிலானி கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள், ஸ்டீயரிங்கைத் திருப்பினாள், அக்ஸிலரேற்றரை மிதித்தாள்.

ஏழு லீற்றர் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் தலை சீற்றில் ஒட்டிக்கொண்டது. கார் அந்த இடைவெளிக்குள் போய், அதைத் தாண்டி, அப்பால் கிடந்த வெறும் வீதிக்குப் போய்விட்டது. பின்னால் லொறி மெத்தைக்கு மேல் ஏறி இறங்கி, வானைத் தொட ஒரு முழம் இருக்கும்போது நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மெத்தைதான் போய்விட்டது.

நான் மாதாவைக் கூப்பிட்டேனா, அவளைக் கூப்பிட்டேனா என்று நினைவில்லை.

தெப்பனர் வாசலில்

அடுத்த வெளிவழியால் இறங்கி, தெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு சில்லறைக் கடை வாசலில் நிறுத்தினாள். உள்ளே போய்த் தண்ணீர்ப் போத்தல் வாங்கி வந்து, மூடியைத் திறந்து என் கையில் தந்தாள். தண்ணீர் என் சேலையில்தான் ஊற்றுப்பட்டது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"பிள்ளை, நான் உனக்கு ஒண்டு சொல்ல வேணும்."

சொன்னேன். பஸ், பனி, றோல்ஸ், எல்லாம்.

"எப்ப?"

"மாசியில."

"ரேஜான் என்ன சொன்னவர்?"

"மாட்டன் எண்டவர்."

கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தேன். குரல் சின்னதாகத்தான் வந்தது.

"அம்மா, அந்த இடம் எவ்வளவு இருந்தது எண்டு பாத்தீங்களோ? எனக்கு யோசிக்க நேரமில்ல. மிதிச்சா போகும் எண்டு தெரியும். அந்த நம்பர் தெரியும். அதை நம்பித்தான் மிதிச்சனான்."

"ஓம்."

"உள்ள வேற ஒண்டு இருந்திருந்தா?"

ஐந்து புள்ளி ஏழும் அந்த இடைவெளிக்குப் போதுமாக இருந்திருக்கலாம். போதாமலும் இருந்திருக்கலாம். பிறகு கேட்டபோது ரேஜானும் தெரியாது என்றுதான் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிழையான லேபிள் ஒட்டிய குழாயை என் மகளின் கையில் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

தீர்த்தம்

பூசை முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். ஃபாதர் பொனற்றைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்து, "இது என்ன, தேவாலய ஓர்கன் மாதிரிக் கிடக்கு!" என்றார். செபம் சொல்லித் தெளித்தார்.

"ஃபாதர்," என்றாள் டிலானி, "முன் சில்லுக்குள்ள பிரேக் இருக்கு. அதுக்குக் கொஞ்சம் கூடத் தெளியுங்கோ. அது அம்மா தந்தது."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

வழக்கமான அன்ரி பக்கத்தில் வந்தா. "நல்ல காரப்பா! பிள்ளை இப்ப என்ன செய்யிறா?"

"மெக்கானிக்," என்றேன். "இந்தக் காரை அவதான் கட்டினவ."

மூன்று நாள் டிலானி என்னோடு கதைக்கவில்லை. "சாப்பிட்டியோ" மெசேஜுக்குப் பதில் வந்தது, ஆனால் ஒரே சொல். "ஓம்." அந்த ஒரு சொல்லுக்கும் நான் நன்றி சொன்னேன். உயிரோடு இருக்கிறவளால்தான் கோபிக்க முடியும் என்று எங்கள் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

நான்காம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தாளுக்கு றோல்ஸ் சுடேல்லையோ?"

"சுட்டா?"

"சுட்டா ஏத்திக்கொண்டு போறன்."

பதினொன்று

இந்த முறை பெட்டியின் மேல் வேலைப் பழக்கத்தில் ஒரு லேபிள் எழுதி ஒட்டினேன். பெறுபவர்: முசியே ரேஜான். உள்ளே: மட்டன் றோல்ஸ், பன்னிரண்டு. கோரிக்கை: எதுவுமில்லை.

டிலானி காரைக் கீழ்வீதியாலேயே ஓட்டினாள். எனக்காக. சிவப்பு விளக்குகளில் நிற்கும்போது ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எஞ்சின் தன்பாட்டில் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றது.

கராஜில் ரேஜான் பெட்டியைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினார்.

"இந்த முறை என்ன வேண்டும், மடாம்? பின் சீற்றைக் கழற்றவா?"

"ஒன்றும் வேண்டாம். வாசியுங்கள்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை வாசித்தார். நம்பவில்லை. பெட்டியைத் திறந்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினார்.

"பதினொன்று," என்றார்.

நான் திரும்பி டிலானியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு றோல்ஸ் தூள்.

"லேபிள் பிழை, மடாம்," என்றார் ரேஜான். "உங்கள் இடத்தில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?"

"எறிந்துவிடுவோம்."

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இங்கே எறிவதில்லை," என்றார். "திருத்துவோம்."